டயரின் கூட்டுத்தொகை

வாருங்கள் ஐயா, இப்படி அமருங்கள். அந்த நாற்காலி வேண்டாம். அதன் ஒரு கால் மற்ற மூன்றைவிட அரை விரற்கடை குறைவு. கடைக்காரர் சிக்கந்தர் பாயிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். அளவு குறைந்த எதையும் என் கண் பொறுத்துக்கொள்வதில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். பெயர் பரமகுரு. போடி, சின்னமனூர், கம்பம் பக்கத்துக் கடைவீதிகளில் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரரின் கை தானாகத் தராசைத் துடைக்கப் போகும்.

தாங்களும் டயர் மாற்றத்தான் வந்திருக்கிறீர்கள் போலும். அந்த வெள்ளை வண்டியா? நல்லது. என் வண்டிதான் இப்போது ஜாக்கியின் மேல் நிற்கிறது. அது இறங்கிய பிறகே தங்கள் வண்டி ஏறும். முக்கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் தங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதன் பட்டறிந்ததை இன்னொரு மனிதன் கேட்டறிந்தால், உலகில் பாதித் துன்பம் குறைந்துவிடும் என்பது என் கருத்து. இதை நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

முதலில் அந்தக் கண்ணாடி அறைக்குள் பச்சைச் சேலையில் அமர்ந்திருக்கும் அம்மையாரைப் பாருங்கள். நேராகப் பார்க்க வேண்டாம், ஐயா! சுவரில் உள்ள டயர் படத்தைப் பார்ப்பதுபோல் பாருங்கள். மடியில் வளையல் பெட்டி, காலடியில் பலகாரக் கூடை. அவர்தான் என் மனைவி, வேலுத்தாய். என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, ஏன்? எதிரே இருப்பது பேருந்து நிறுத்தம். பதினொரு மணிக்குப் பூப்பாறை செல்லும் பேருந்து அங்கே வந்து நிற்கும். நாற்பத்தொரு நாளாக வேலுத்தாய் என் வண்டியில் ஏறவில்லை. இன்றும் ஏறாவிட்டால் அந்தப் பேருந்தில் ஏறிவிடுவார். ஏறட்டுமே, அதனால் என்ன என்று கேட்பீர்கள். அதில்தான் ஐயா சிக்கல் இருக்கிறது. பொறுங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் என் வண்டியின் நான்கு டயர்களும் வழுக்கைத் தலைபோல் ஆகிவிட்டன. இதே கடைக்குத்தான் வந்தேன். சிக்கந்தர் பாய் குனிந்து பழைய டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் படித்தார்.

"சார், நூத்தி எம்பத்தஞ்சு, எழுபது, பதினாலு. அதையே போட்ருவோம். ஒரு மணி நேரத்துல கெளம்பிரலாம்."

இந்த மூன்று எண்களின் பொருள் தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாவிட்டாலும் தவறில்லை, எனக்கும் அன்றுதான் தெரிந்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு அதன் பக்கச் சுவரின் உயரம் என்பது. மூன்றாவது, உள்ளே இருக்கும் இரும்புச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். மூன்றும் அழகான, நேர்மையான அளவுகள். நான் மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், எண்களைக் கண்டால் கூட்டிப் பார்ப்பது என் கைப்பழக்கம். கூட்டினேன். ஒன்றும் எட்டும் ஐந்தும் பதினான்கு. ஏழு சேர்த்தால் இருபத்தொன்று. ஒன்றும் நான்கும் சேர்த்தால் இருபத்தாறு. இரண்டும் ஆறும்?

எட்டு.

தாங்கள் சிரிக்கிறீர்கள். நானும் எண்கணிதச் சோதிடத்தை நம்புகிறவன் அல்லேன், ஐயா. அது மூடத்தனம் என்று பேரவைக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். நுகர்வோர் நல்லறப் பேரவை என்று ஓய்வுக்குப் பிறகு நான் தொடங்கிய அமைப்பு அது. நம்பிக்கை வேறு, அனுபவம் வேறு. என்னை ஆண்டிப்பட்டிக்கு மாற்றிய உத்தரவின் தேதி பதினேழு. கூட்டிப் பாருங்கள். விளக்கம் கேட்டு எனக்கு ஒரே ஒரு குறிப்பாணை வந்தது, அதன் தேதி இருபத்தாறு. நான் எட்டை நம்பவில்லை. எட்டுதான் என்னை விடவில்லை.

இதை அப்படியே பாயிடம் சொன்னால் சிரிப்பார். ஆகவே நியாயமான முறையில் ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"பாய், பழைய டயரில் இருக்கும் அளவே சரியான அளவு என்பதற்கு என்ன ஆதாரம்? இந்த வண்டியை எனக்கு விற்றவர் தவறான அளவை மாட்டி விற்றிருக்கலாம் அல்லவா?"

"கேள்வி நாயந்தேன் சார். டிரைவர் கதவத் தொறந்தா தூண்ல கம்பெனிக்காரன் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். டயர் சைஸு, காத்து எம்புட்டு வைக்கணும், எல்லாம் அதுல இருக்கும்."

கதவைத் திறந்தார். தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கத்தான் செய்தது. "சரியான அளவே சமுதாயத்தின் அழகு - நுகர்வோர் நல்லறப் பேரவை, போடி." நான் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டியவற்றில் ஒன்று. என் கையாலேயே ஒட்டியது.

"கம்பெனி ஸ்டிக்கர் இதுக்கு அடியிலதேன் இருக்கும் சார். கிழிச்சுரவா?"

"கொள்கையைக் கிழிப்பதா?" என்றேன்.

பாய் கையை எடுத்துக்கொண்டார். ஆகவே அன்று ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆதாரம் இல்லாதபோது ஓர் அதிகாரி தன் அறிவைத்தான் பயன்படுத்த வேண்டும். அலமாரியில் நூற்றுத் தொண்ணூற்றைந்து, எழுபது, பதினான்கு என்று ஒரு டயர் இருந்தது. கூட்டினேன். இருபத்தேழு. ஒன்பது! பத்தே மில்லிமீட்டர் அகலம் கூடுதல், ஆனால் கூட்டுத்தொகையில் எவ்வளவு மேன்மை!

"சார், அகலத்தோட சேந்து உயரமும் கூடும். உங்க வண்டிக்குள்ள எடம் பத்தாது. ஆளேத்திக்கிட்டு ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா மட்கார்டுல ஒரசும்."

"நான் எதையும் முழுமையாக ஒடிப்பவன் அல்லேன்" என்றேன்.

மேலும் ஒன்று கேட்டேன். மகள் இருப்பது மலைமேல். ஆகவே டயரின் மேற்பரப்பில் மலைக்குத் தக்க முரட்டுத் தடம் வேண்டும் என்றேன். ஜீப்புகளில் இருக்குமே, கட்டை கட்டையாக, பார்த்தாலே மரியாதை வருமே, அது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது தோட்டத்துச் சேத்துல ஓட்டுறதுக்கு சார். தார்ரோட்ல ஓட்டுனா உறுமிக்கிட்டே வரும். நீங்க போறது முச்சூடும் தார்ரோடு. சாதாரணத் தடம், மழைத்தண்ணி வெளிய போக நல்லா வரி ஓடியிருந்தாப் போதும்."

"உறுமட்டும், பாய். மலை அஞ்சட்டும்" என்றேன்.

இந்த இடத்தில் தங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். இது நான் பேரவைக் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்வது. ஓர் ஊரில் ஒருவர் வீடு கட்டினார். நெடிய மனிதர். தச்சர் அவருக்கு ஏற்றபடி ஏழடி உயரத்தில் நிலைக்கதவு செய்து கொண்டுவந்தார். வீட்டுக்காரர் அளவு நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏழடி ஆகாது, ஐந்தரை அடிதான் செல்வம் தரும் என்றார். தச்சர் என்ன செய்வார்? அறுத்துக் கொடுத்தார். குடியேறிய நாளிலிருந்து அந்த மனிதர் வாசலைக் கடக்கும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொண்டார். நெற்றி வீங்கியது. ஊரார் கேட்டபோது, "இந்தத் தச்சன் கெட்டவன், கதவைத் தாழ்த்தி வைத்துவிட்டான்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தாராம். எண்ணுக்காக அளவை மாற்றுகிறவன் வாழ்நாள் முழுவதும் குனிய வேண்டும். இந்தக் கதையைக் கேட்டவர்கள் கைதட்டாமல் இருந்ததில்லை. வேலுத்தாய் ஒருமுறை முன்வரிசையில் அமர்ந்து கேட்டார். அது எனக்குப் பின்னால் எவ்வளவு இடைஞ்சலாக முடியும் என்று அப்போது தெரியாது.

டயர் மாட்டிய பத்தாம் நாள் மகள் அன்பழகியின் புதுமனை புகுவிழா. மருமகன் பூப்பாறையில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார். காலை ஒன்பது மணிக்கு முன் பால் காய்ச்ச வேண்டும். வண்டியில் நான், வேலுத்தாய், என் மைத்துனன் சுருளிவேல். பின்னால் ஆளுயரக் குத்துவிளக்கு, பித்தளைக் குடம், அரிசி மூட்டை, வாழைத்தார். போடியைத் தாண்டும் வரை டயர் உறுமியதே தவிர வேறு குறை சொல்ல முடியாது. சுருளிவேல் மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்து, "மாமா, பின்னாடி லாரி வருதா?" என்று கேட்டான்.

போடிமெட்டு மலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை தெரியுமா, ஐயா? பதினேழு. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டியின் அடியிலிருந்து "கர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம்.

"டயரு ஒரசுதுங்க" என்றார் வேலுத்தாய்.

"சாலையின் ஓரத்தில் சரளைக்கல்" என்றேன்.

இரண்டாம் வளைவில் இன்னும் நீளமாகக் கேட்டது. "இதுவும் சரளையா?" என்றார். "வாழைத்தார் ஆடுகிறது" என்றேன். மூன்றாம் வளைவில் சுருளிவேல், "மாமா, காட்டுப்பன்னி எதுவும் அடியில மாட்டிக்கிருச்சா?" என்றான். அவனுக்கு எப்போதும் விளையாட்டுப் புத்தி. ஐந்தாம் வளைவில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. நான் சன்னலை ஏற்றச் சொன்னேன். ஏழாம் வளைவில் முழுவதும் திருப்ப அஞ்சிப் பாதி திருப்பினேன். பாதி திருப்பினால் வளைவு முடிவதில்லை, ஐயா. பின்னால் எடுத்து, முன்னால் போய், மறுபடி பின்னால் எடுத்து, ஒரு வளைவை நான்கு தவணையாகக் கடந்தோம். மேலிருந்து வந்த பால்வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, வேடிக்கை பார்க்க வசதியாகச் சுவரில் அமர்ந்துகொண்டார்.

அடுத்த வளைவின் பலகையில் எழுதியிருந்த எண்ணை நான் தங்களுக்குச் சொல்லத்தான் வேண்டுமா? எட்டு! எண்கணிதத்தை நம்பாதவன் என்பதால் இதை ஒரு தகவலாக மட்டும் சொல்கிறேன்.

அங்கே வேலுத்தாய், "வண்டிய நிப்பாட்டுங்க" என்றார். நிறுத்தினேன். பின்னால் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. பத்துப் பேர் அமரும் இடத்தில் இருபது பேர். வேலுத்தாய் கையைக் காட்டினார். உள்ளிருந்து ஒரு பெண், "வாங்கக்கா, எடமா இல்ல, எம் மடி இருக்கு" என்றாள். குத்துவிளக்கை ஒருத்தி வாங்கிக்கொண்டாள், குடத்தை ஒருத்தி. அரிசி மூட்டையின் மேல் இரண்டு பேர் அமர்ந்தார்கள். என் மனைவி முன்பின் தெரியாத ஒருத்தியின் மடியில் அமர்ந்து, என்னைத் திரும்பிப் பாராமல் மலையேறிவிட்டார். அந்த ஜீப்பிலும் முரட்டுத் தடம்தான். அதன் சக்கரத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி இடம் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மிச்சம் இருந்தது வாழைத்தார் ஒன்று. அதையும் நாங்கள் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற வேளையில் குரங்குகள் இறக்கிக்கொண்டன. பன்னிரண்டாம் வளைவில் சுருளிவேல், "நான் நடந்து வாரேன் மாமா, வெரசாப் போயிரலாம்" என்று இறங்கிக்கொண்டான். அவன்தான் முதலில் மேலே போய்ச் சேர்ந்தான் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் பூப்பாறையை அடைந்தபோது பால் பொங்கி, ஆறி, காப்பியாகி, தம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். சம்பந்தியார் கேட்டார், "என்னங்க ஐயா, வழியில ஏதும் சிரமமா?"

"நெடுஞ்சாலைத் துறையினர் வளைவுகளை இறுக்கமாக அமைத்துவிட்டார்கள்" என்றேன்.

அப்போது அடுப்படியிலிருந்து வேலுத்தாய் வெளியே வந்தார். கூடத்தில் நாற்பது பேராவது இருப்பார்கள்.

"மலை அங்கனதேன் இருக்கு, வளைவும் அங்கனதேன் இருக்கு. பெரிய டயரப் போட்டது யாரு?"

"பாயிடம் அந்த அளவு டயர் இருந்ததால்தான்..."

"கதவக் குட்டையா அறுக்கச் சொன்னது தச்சனா, வீட்டுக்காரனா?"

என் கதை, ஐயா! என் சொந்தக் கதை! கூடத்தில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதோடும் நிற்கவில்லை.

"பெரிய டயரு மாட்டுனா மீட்டர் கொறச்சுக் காட்டுமாம்ல, ஜீப்பு டிரைவரு சொன்னாரு. ஊர்ல ஓடுற ஆட்டோ மீட்டருக்கெல்லாம் சீல் வச்சீங்க. இப்ப உங்க வண்டி மீட்டரே பொய் சொல்லிக்கிட்டு ஓடுது. தப்பு என்னுதுன்னு நீங்க எழுதிக் குடுக்குற வரைக்கும் நான் அந்த வண்டியில கால் வைக்க மாட்டேன்."

எழுதிக் கொடுப்பது என்றால் என்ன என்று தங்களுக்கு விளக்க வேண்டும். கடையில் எடை குறைந்தால் நான் கடைக்காரரிடம் அபராதத்துக்கு முன் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவேன். அவர் கைப்பட எழுத வேண்டும். மூன்றே வரிகள். "குறை இருந்தது. அது என் தவறு. வேறு எவர்மீதும் பழியில்லை." கீழே தேதி, கையெழுத்து, விவரம் அறிந்த இரண்டு சாட்சிகள். சட்டம் கேட்பது வேறு படிவம், இந்த மூன்று வரி என் சொந்த ஏற்பாடு. மனிதர்கள் அபராதத்தை உடனே கட்டிவிடுவார்கள், ஐயா. அந்த இரண்டாம் வரியை எழுதச் சொன்னால்தான் பேனாவைக் கீழே வைப்பார்கள். ஈரக்காற்றில் படிக்கல் தேய்ந்துவிட்டது என்பார்கள். "காற்றைக் கைது செய்ய முடியாது, நீங்கள் எழுதுங்கள்" என்பேன். சாப்பிடும்போது இதையெல்லாம் வேலுத்தாயிடம் சொல்லிச் சிரிப்பேன். முப்பத்தொரு ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றையும் மறக்கவில்லை.

முதல் வாரம் நான் எழுதவில்லை. இரண்டாம் வாரம் ஒரு தாளில், "சூழ்நிலை காரணமாக டயர் உரச நேர்ந்தது" என்று எழுதி, காப்பித் தம்ளருக்கு அடியில் வைத்தேன். காலையில் அது என் மேசைமேல் இருந்தது. "சூழ்நிலை" என்ற சொல்லின் கீழே சிவப்புக் கோடு. அடுத்த தாளில் சுருளிவேலின் உடல் எடையைக் குறிப்பிட்டேன். அது திரும்பி வரவே இல்லை. சுருளிவேல்தான் வந்தான், அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. "மாமா, என்னைய எத்தன கிலோன்னு போட்ருக்கீங்க, நீங்க நிறுத்துப் பாத்தீங்களா?" என்றான். மூன்றாம் தாளில் உண்மையை மிக நெருங்கினேன். "என் தவறும் இருக்கலாம்" என்று எழுதினேன். வேலுத்தாய் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "'இருக்கலாம்'னு எழுதுன கடைக்காரன நீங்க விட்ருக்கீங்களா?" என்று கேட்டார்.

விட்டதில்லை.

டயரையாவது மாற்றியிருக்கலாமே என்று தாங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. மாற்றினால் ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? அதனால் நாற்பது நாளும் அந்த டயரோடு நேர்ச் சாலைகளில் மட்டும் ஓட்டினேன். வளைய வேண்டிய இடங்களுக்குப் போகவில்லை. பிள்ளையார் கோயிலுக்கு ஒரு திருப்பம் உண்டு. நாற்பது நாள் பிள்ளையாரைப் பார்க்கவில்லை.

நேற்றைக்கு முந்தின நாள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். இன்று பிற்பகல் அங்கே வளைகாப்பு, முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். "நான் வண்டியோடு வருகிறேன் அம்மா" என்றேன்.

"அம்மா வண்டியில வருவாங்களா, பஸ்லயா?"

"அது... உன் அம்மாவின் விருப்பம்."

"அம்மா வண்டியில வந்தா நானும் வண்டியில வாரேன். அம்மா பஸ்ல வந்தா எனக்கும் சேத்து டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கப்பா. அம்மா நம்பாத வண்டிய நான் எப்பிடி நம்புறது?"

இப்போது புரிகிறதா ஐயா, அந்தப் பதினொரு மணிப் பேருந்து? ஏழு மாதக் கர்ப்பிணி, அது திரும்பி வரும்போது நெரிசலில் நின்றுகொண்டு பதினேழு வளைவும் இறங்குவாள். தகப்பன் ஓர் இரண்டாம் வரியை எழுதவில்லை என்பதற்காக.

அன்று எனக்கு அங்கப்பனின் நினைவு வந்தது. சின்னமனூரில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஒருநாள் சோதனையில் அவருடைய இரண்டு கிலோ படிக்கல் குறைவாக இருந்தது. காற்று, ஈரம் எதையும் சொல்லவில்லை அவர். தாளை வாங்கினார், எழுதினார், கையெழுத்திட்டார், "எவ்வளவு நாளா இப்பிடிக் கொறச்சலாக் குடுத்திருக்கேன்னு தெரியலையே" என்று வருந்தினார். மறுநாள் கடை வாசலில் அதைத் தானே எழுதித் தொங்கவிட்டார். ஊர் அவரைச் சிரிக்கும் என்று நினைத்தேன். ஊர் அவரிடம்தான் சாமான் வாங்கியது. இருபது ஆண்டுகளாக அவரைக் கூட்டங்களில் உதாரணம் காட்டிவருகிறேன். உதாரணம் காட்டுவது எளிது, ஐயா. உதாரணமாக இருப்பதற்குத்தான் பேனாவைத் திறக்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் இன்று காலை வந்தேன். வந்ததும் நானே கதவைத் திறந்து, நானே நகத்தால் என் கொள்கையை உரித்தேன். பாதி கிழிந்து "சமுதாயத்தின் அழகு" மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டது. அடியில் கம்பெனியின் ஸ்டிக்கர் புத்தம் புதிதாக இருந்தது. நூற்று எண்பத்தைந்து, எழுபது, பதினான்கு.

"நாந்தேன் அன்னைக்கே சொன்னேன்ல சார்" என்றார் பாய்.

"சொன்னீர்கள்" என்றேன். ஒரே சொல்தான். வெயிலில் மூட்டை தூக்கியதுபோல் வியர்த்துவிட்டது.

ஆகவே ஐயா, கதவுத் தூணைப் பாருங்கள், அல்லது வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். அதில் உள்ள அளவையே வாங்குங்கள். அளவுக்குப் பின்னால் சுமையைக் குறிக்கும் எண் ஒன்றும் வேகத்தைக் குறிக்கும் எழுத்து ஒன்றும் இருக்கும். அவை கம்பெனி சொன்னதைவிடக் குறையக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் தனியாக இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அது டயரின் பிறந்த நாள். பழைய சரக்கைப் புதியது என்று தலையில் கட்டிவிடுவார்கள். பாய் அப்படிச் செய்யமாட்டார், ஆனாலும் பாருங்கள். தடத்தை உங்கள் சாலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், உங்கள் வீரத்தைப் பார்த்து அல்ல. எக்காரணம் கொண்டும் எண்களைக் கூட்டாதீர்கள்.

இதோ, நான்காவது சக்கரமும் ஏறிவிட்டது. மணி பத்து ஐம்பது. ஐயா, நான் இவ்வளவு நேரம் தங்களிடம் பேசியதற்கு ஒரு காரணம் உண்டு. மறைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். இந்தத் தாளைப் பாருங்கள். படியுங்கள்.

"அளவில் குறை இருந்தது. அது என் தவறு. பாய், சுருளிவேல், நெடுஞ்சாலைத் துறை, வேறு எவர்மீதும் பழியில்லை. - பரமகுரு."

முதல் சாட்சியாகப் பாய் கையெழுத்திட்டுவிட்டார். இரண்டாம் சாட்சியாக நம் தெருவில் எவரையாவது கேட்கலாம் என்றால், தெருவே என்னிடம் அறிவுரை கேட்ட தெரு. தாங்கள் வெளியூர். விவரம் தெரியாமல் சாட்சி கையெழுத்திடக் கூடாது என்பது என் விதி. அதனால்தான் விவரம் முழுவதும் சொன்னேன். இந்த இடத்தில் இடுங்கள். இந்தாருங்கள் பேனா.

ஏன் தயங்குகிறீர்கள்?

தேதியா? இருபத்தைந்து. ஆம்... இன்று இருபத்தாறுதான். அந்த நாட்காட்டி சரியாகத்தான் காட்டுகிறது. இல்லை ஐயா, அதற்காக இல்லை! நேற்றே மனம் வருந்திவிட்டேன் என்ற பொருளில்... ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன? ஒரே ஒரு நாள் குறைவு.

குறைவு.

என்ன சொல்லிவிட்டேன்.

ஒரு கிராம்தானே குறைவு என்று ஒரு கடைக்காரர் சொன்னபோது நான் என்ன ஆட்டம் ஆடினேன் தெரியுமா? அதோ, அவர் எழுந்துவிட்டார். கூடையைக் கையில் எடுத்துவிட்டார். அந்த ஒலி கேட்கிறதா, பேருந்து கீழ்முனையில் திரும்புகிறது. அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்கள். ஐந்தை அடிக்கிறேன். இரண்டு. ஆறு. திருத்தத்துக்கு ஒரு சுருக்கக் கையெழுத்து. ஆயிற்று. இப்போது இடுவீர்களா? நன்றி ஐயா. தெளிவாக இடுங்கள், அவர் படித்துப் பார்ப்பார்.

வேலு! வேலுத்தாய், ஒரு நிமிடம். இதோ. ஆம், இவர்தான் இரண்டாம் சாட்சி. எல்லாம் சொல்லிவிட்டேன். குரங்கையும் சொன்னேன்.

பார்த்தீர்களா ஐயா, கண்ணாடி போடுகிறார். முதல் வரி. இரண்டாம் வரியில் நிற்கிறார். தேதியில் விரலை வைக்கிறார்.

"இருவத்தாறா? நீங்களா போட்டீங்க?"

நான்தான். என் கைப்பட.

"எட்டு வருதேங்க."

வரட்டும்.

சிரிக்கிறாள், ஐயா. நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு. தாளை மடித்து... அடடா, வண்டிக்குப் போகிறாள். முன்கதவு. ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து உள்ளே வைக்கிறாள். இனி வண்டியை எவர் சோதனை போட்டாலும் அதையும் படிப்பார்கள், படிக்கட்டும். பேருந்துக்காரரே, போகலாம், போகலாம்! இங்கே ஏற ஆள் இல்லை!

வருகிறேன் ஐயா. பால் காய்ச்சியதைத்தான் தவறவிட்டேன், வளையல் அடுக்குவதையாவது பார்க்க வேண்டும். மறந்துவிட்டேனே, பேரவையின் சார்பில் தங்களுக்கு ஒன்று. கையிருப்பில் இன்னும் அறுநூறு இருக்கிறது. "சரியான அளவே சமுதாயத்தின் அழகு." தங்கள் வண்டியில் எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கதவுத் தூணில் மட்டும் வேண்டாம்.